எந்தக் கடல் என்பது அப்புறம், எந்த மாதம்?

தாய்லாந்தின் சிமிலன் தீவுகளுக்கு மே 15-ம் தேதி வரை படகு போகும். 16-ம் தேதி பூட்டு. அந்தத் தேசியப் பூங்கா மறுபடி திறப்பது அக்டோபர் 15-ல்தான். இடைப்பட்ட ஐந்து மாதமும் அங்கே அந்தமான் கடல் கொந்தளிக்கும். பவளப்பாறைகளுக்கு அது ஓய்வுக் காலம். கோடை விடுமுறையைக் கணக்கிட்டு மே கடைசியில் சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு இந்த ஒரு தேதி தெரியாவிட்டால், ஃபூகெட் வரை பறந்து போய் ஹோட்டல் நீச்சல் குளத்தில் குளித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மாலத்தீவின் பா அடோல் என்ற பவளத்தீவு வட்டத்தில் ஹனிஃபாரு என்றொரு சிறிய வளைகுடா இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் நவம்பர் வரை, முக்கியமாக அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், கடல் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை அந்த வளைகுடாவுக்குள் தள்ளிக் குவிக்கும். அவற்றைத் தின்ன மாந்தா திருக்கைகள் வரும். நல்ல நாளில் நூறுக்கு மேல் என்று கணக்கு. மூன்று மீட்டர் அகலத்துக்குச் சிறகை விரித்து, வாயைப் பிளந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக வட்டமடிக்கும். மாலத்தீவுச் சுற்றுலா விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி அது. ஆனால் ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கே தடை. மூக்கில் கண்ணாடியும் வாயில் ஸ்நோர்க்கலும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்து பார்க்கலாம். டேங்க் கட்டிக்கொண்டு இறங்க முடியாது.

மலேசியாவின் சிபடான் இன்னொரு ரகம். போர்னியோ கரைக்கு அப்பால், கடலடியிலிருந்து 600 மீட்டர் செங்குத்தாக எழும் ஒரு தீவு. கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே காலுக்கடியில் தரை காணாமல் போய்விடும். ஷீலா மீன்கள் ஆயிரக்கணக்கில் சூறாவளியாகச் சுழலும் இடம். தீவில் தங்க 2004-க்குப் பிறகு அனுமதி இல்லை, விடுதிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு உண்டு. கையில் ஸ்கூபாவின் முதல்கட்டத் தகுதியான ஓப்பன் வாட்டர் அட்டை மட்டும் இருந்தால் போதாது, அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, அண்மை ஆண்டுகளில் நவம்பர் மாதம் முழுக்க மூடிவிடுகிறார்கள்.

மூன்றுமே 'வாழ்நாளில் ஒருமுறையாவது இறங்க வேண்டிய இடங்கள்' பட்டியல்களில் தவறாமல் வருபவை. பட்டியல் போடுகிறவர்கள் ஊர் பெயரையும் ஒரு நீலப் படத்தையும் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். எந்த மாதம், யாருக்கு, என்ன அட்டையோடு என்பதை வாசகரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்கூபாவுக்காக வெளிநாடு போகிறவர்கள் பணத்தை வீணடிப்பது பெரும்பாலும் தப்பான ஊரைத் தேர்ந்தெடுப்பதால் அல்ல. சரியான ஊரை, தப்பான மாதத்தில், தன் தகுதிக்கு மீறித் தேர்ந்தெடுப்பதால்.

காற்று கிழிக்கும் கோடு

நம் பக்கத்துக் கடல்களில் காற்று அரை வருடம் தென்மேற்கிலிருந்தும் அரை வருடம் வடகிழக்கிலிருந்தும் வீசுகிறது. காற்று வந்து மோதும் கரையில் அலை, கலங்கல். அதன் மறுபக்கக் கரையில் அமைதி. இது கடற்கரையில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயம் அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில்கூட, இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவில் கடல் ஓயும் மார்ச், ஏப்ரல் வாரங்களைப் பார்த்துத்தான் படகு இறக்கினார்கள்.

இந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் ஆசியாவின் பாதி ஸ்கூபா வரைபடம் கைக்கு வந்துவிடும். தாய்லாந்தில் ஃபூகெட், சிமிலன், ரிச்சலியூ ராக் எல்லாம் மேற்குப் பக்கம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அவற்றின் காலம். கிழக்குப் பக்கத்தில், தாய்லாந்து வளைகுடாவுக்குள் இருக்கும் கோ தாவ் தீவுக்கு நேர்மாறு; அங்கே நவம்பர்தான் மோசமான மாதம், கோடையில் கடல் அடங்கியிருக்கும். மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகள் வடகிழக்குக் காற்றுக்கு நேராக இருப்பதால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் கதவைச் சாத்திவிடும். மார்ச்சில் திறக்கும். இலங்கையில் ஹிக்கடுவை, உனவட்டுன, கொழும்பு ஆகிய மேற்கு, தெற்குக் கரைகள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய கிழக்குக் கரை மே முதல் செப்டம்பர் வரை. சில பயிற்றுநர்கள் ஏப்ரல் கடைசியில் மேற்கிலிருந்து மூட்டை கட்டிக் கிழக்குக்குக் குடி பெயர்ந்துவிடுவார்கள்.

நிலநடுக்கோட்டைத் தாண்டினால் கணக்கு மாறும். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். அதே இந்தோனேசியாவின் கிழக்கு மூலையிலுள்ள ராஜா அம்பாட்டுக்கு அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம்; ஜூலை, ஆகஸ்ட்டில் தென்கிழக்குக் காற்று அங்கே பெரிய படகுகளையே விரட்டிவிடும்.

ஆகவே தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டியை வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு வேலை சுலபம். மே மாதமா? கோ தாவ், பெர்ஹெந்தியான், திருகோணமலை. அரையாண்டு விடுமுறையும் பொங்கலுமா? மாலத்தீவு, சிமிலன், இலங்கையின் மேற்குக் கரை. தீபாவளி ஒரு ரெண்டும்கெட்டான் நேரம்: மலேசியக் கிழக்குத் தீவுகள் மூடிக்கொண்டிருக்கும், சிமிலன் அப்போதுதான் கண் விழித்திருக்கும், நவம்பர் பிறந்துவிட்டால் சிபடானும் கிடையாது. செங்கடலை நினைக்க ஏற்ற நேரம் அதுதான். வெயில் தணிந்திருக்கும், தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்காது.

ஒரு முரணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், பெரிய மீனும் வேண்டும்' என்று கேட்பவர்கள் அதிகம். மாந்தாவும் திமிங்கலச் சுறாவும் தின்பது மிதவை உயிரிகளை. அவை பெருகினால் தண்ணீர் கலங்கும். மாலத்தீவில் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் அடோல்களின் கிழக்கு வாய்களில் தெளிந்த நீர் உள்ளே வரும், சுறாக்கள் அங்கே நிற்கும். அதே நேரம் மேற்குப் பக்கத்தில் கலங்கிய நீர் வெளியேறும், மாந்தாக்கள் அங்கே போகும். தென்மேற்குக் காற்றில் இது அப்படியே தலைகீழ். 30 மீட்டர் தூரம் தெரியும் தண்ணீரா, எட்டு மீட்டர் தூரத்தில் திடீரென்று முளைக்கும் மாந்தாவா? இரண்டையும் ஒரே பயணத்தில் உறுதி தரும் விளம்பரத்தை ஒதுக்கிவிடலாம். தெற்கு ஆரி அடோல் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. திமிங்கலச் சுறா வருடம் முழுக்கத் தென்படும் அபூர்வ இடங்களில் ஒன்று அது.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

பேடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற ஸ்கூபா பயிற்சி அமைப்புகளின் ஓப்பன் வாட்டர் அட்டை 18 மீட்டர் ஆழம் வரை இறங்கத் தகுதி தருகிறது. அட்வான்ஸ்டு என்றால் 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். பயிற்சியே இல்லாதவர்களுக்கு 'டிஸ்கவர் ஸ்கூபா' உண்டு. பயிற்றுநர் கையைப் பிடித்துக்கொண்டே 12 மீட்டர் வரை கூட்டிப்போவார். மாலத்தீவில் எவ்வளவு பெரிய அனுபவசாலிக்கும் 30 மீட்டருக்குக் கீழே பொழுதுபோக்காக இறங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆழத்தைவிட முக்கியம் நீரோட்டம். அட்டையில் எழுதாத பாடம் அது. மாலத்தீவில் 'கண்டு' என்று சொல்லும் கால்வாய் டைவ் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அடோலின் விளிம்பில் இரண்டு திட்டுகளுக்கு நடுவே ஒரு திறப்பு. திறந்த கடலின் மொத்த நீரும் அதன் வழியாகத்தான் உள்ளே பாய வேண்டும். மாலத்தீவின் தோணி அந்த இடத்தில் நங்கூரம் போடாது, போட முடியாது. வழிகாட்டி முதலில் குதித்து ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில், ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல், குதித்த வேகத்தில் நேரே கீழே இறங்க வேண்டும். மேலே நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தால் அரை நிமிடத்தில் குழுவை விட்டு அடித்துச் செல்லப்பட்டுவிடுவார்கள். 25, 28 மீட்டரில் கால்வாயின் உதட்டைப் பிடித்ததும் உயிரில்லாத பாறை இடுக்கில் ஒரு கொக்கியை மாட்டி, அதன் கயிற்றின் மறுமுனையை ஜாக்கெட்டில் கோத்துக்கொண்டு, கொடியாகப் பறந்தபடி நிற்க வேண்டும். அதற்கப்புறம்தான் வெகுமதி: எதிரே சாம்பல் சுறாக்கள், அவ்வளவு ஓட்டத்திலும் வாலைக்கூட அசைக்காமல். பத்து டைவ் மட்டுமே செய்தவர் அங்கே சுறாவைப் பார்க்கமாட்டார். காற்று மானியின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதனால் மாலத்தீவு புதியவர்களுக்கு ஆகாது என்று ஆகிவிடாது. அடோலுக்குள்ளேயே அமைதியான திட்டுகள் நிறைய. 2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்ததால், லட்சங்களை விழுங்கும் ரிசார்ட்டைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையும் போய்விட்டது. திமிங்கலச் சுறாவுக்கு திகுரா, ஹனிஃபாருவுக்கு தரவந்தூ என்று தீவைப் பார்த்துத் தங்கலாம். இவை முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். மது கிடையாது, நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை உண்டு. வீட்டுச் சாப்பாடு மாதிரி சோறும் சூரைமீன் குழம்பும் கிடைக்கும். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

எங்கே கற்றுக்கொள்வது? உலகத்திலேயே அதிகம் பேருக்கு ஸ்கூபா அட்டை வழங்கும் ஊர்களில் ஒன்று கோ தாவ். 21 சதுர கிலோமீட்டர் தீவில் டஜன் கணக்கில் பள்ளிகள். நம் ஊர் டுடோரியல் காலேஜ்களின் வேகம்: திங்கட்கிழமை பாடம், வியாழக்கிழமை அட்டை. மலிவு, நல்ல பயிற்றுநர்களும் உண்டு, ஆனால் கூட்டம். இறங்கும் இடங்களில் கயிற்றுக்கு ஒரு வரிசை நிற்கும். பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் இங்கேயே, புதுச்சேரியிலோ அந்தமானிலோ முடித்துக்கொண்டு, வெளிநாட்டு நாட்களைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஓப்பன் வாட்டர் பயிற்சிக்கு 200 மீட்டர் இடைவிடாமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நம் நகரங்களில் பலருக்கு இடிப்பது இந்த இடத்தில்தான். விமான டிக்கெட்டுக்கு முன்னால் மாநகராட்சி நீச்சல் குளத்துக்கு மூன்று மாதச் சந்தா கட்டுவது எத்தனையோ மேல். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பவர் வைத்த ஸ்கூபா கண்ணாடி கிடைக்கிறது.

எரிமலை தள்ளிவிட்ட கப்பல்

அட்டை வாங்கிய கையோடு போக ஏற்ற இடம் எது என்று கேட்டால், இந்தக் கட்டுரை கைகாட்டுவது பாலித் தீவின் வடகிழக்கில் துலாம்பென் என்ற மீனவ ஊரை.

1942 ஜனவரியில் லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை லோம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் அடித்தது. ரயில்வே உதிரிப் பாகங்களும் ரப்பரும் ஏற்றி வந்த கப்பல். இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்க்கப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் துலாம்பென் கரையில் ஏற்றி விட்டுவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது கரையிலேயே கிடந்தது. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு கப்பலைக் கடலுக்குள் தள்ளிவிட்டது. அதனால்தான் கரையிலிருந்து முப்பது மீட்டர் தொலைவில், படகே இல்லாமல் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய 120 மீட்டர் நீளப் போர்க்காலக் கப்பல் ஒன்று அங்கே கிடக்கிறது. அதன் மேல்பகுதி ஐந்து மீட்டர் ஆழத்தில் தொடங்கும். அடி முப்பதுக்குச் சற்று முன் முடியும். ஸ்நோர்க்கல்காரருக்கும் காட்சி உண்டு, அட்வான்ஸ்டு அட்டைக்காரருக்கும் வேலை உண்டு.

அங்கே மணல் இல்லை. எரிமலை உருட்டிவிட்ட கறுப்புக் கூழாங்கற்கள். அலை பின்வாங்கும்போது அவை கடகடவென்று உருளும். டேங்கைச் சுமந்துகொண்டு அதில் நடப்பது வெளியூர்க்காரர்களுக்குச் சர்க்கஸ். உள்ளூர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, ஒன்றிரண்டு டேங்குகளைத் தூக்கிக்கொண்டு, சாதாரண ரப்பர்ச் செருப்போடு அந்தக் கற்களில் விறுவிறுவென்று போவார்கள். ஒரு அலுமினிய டேங்க் சுமார் பதினாலு கிலோ. சுமைகூலித் தொழிலாளர்களாகச் சங்கம் வைத்து நடத்துகிறார்கள். டைவ் கட்டணத்திலேயே அவர்கள் கூலியும் சேர்ந்துவிடும்.

நேரம் முக்கியம். தெற்கு பாலியிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவது காலை ஒன்பது மணிக்கு மேல். துலாம்பெனிலேயே தங்கி விடியற்காலையில் இறங்குகிறவர்களுக்கு, கப்பலுக்குள் தூங்கி எழும் கூனல் நெற்றிக் கிளிமீன் கூட்டம் காணக் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம்.

ஒரு எச்சரிக்கை. பாலியில் பலரும் மத்தியானம் டைவ் முடித்துவிட்டு, போகிற வழியில் கிந்தாமணிக்குப் போய் பாத்தூர் எரிமலையைப் பார்த்துவிடலாம் என்று காரில் ஏறுகிறார்கள். கிந்தாமணி சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆழத்தில் மூச்சுவிடும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரம் ஏறினால் அது குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் உட்கார்ந்துகொள்ளும். விமானத்துக்குச் சொல்லும் அதே கட்டுப்பாடு மலைப்பாதைக்கும் உண்டு. டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம். பயணத்தின் கடைசி நாளைக் கோயில், கடைவீதி என்று ஒதுக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்வது.

அதே பாலியிலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போனால் நூசா பெனிடா. ஜூலை முதல் அக்டோபர் வரை மோலா மோலா என்ற ராட்சத மீன் ஆழத்திலிருந்து மேலே வரும். குளிர்ந்த நீரோடுதான் வரும். 28 டிகிரி தண்ணீரில் இறங்கியவர் ஒரே நிமிடத்தில் 20-க்குக் கீழே போய்விடலாம். ஓட்டமும் எதிர்பாராமல் கீழ்நோக்கி இழுக்கும். துலாம்பென் முடித்த வாரத்திலேயே அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் ஒரு வருடம் பொறுக்கலாம்.

தூரமும் விலையும்

ராஜா அம்பாட் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை எழுத முடியாது. 2012-ல் கேப் க்ரி என்ற இடத்தில் மீனியல் அறிஞர் ஜெரால்ட் ஆலன் ஒரே டைவில் 374 மீன் வகைகளை எண்ணினார். உலகில் அறியப்பட்ட கடினப் பவள இனங்களில் சுமார் முக்கால்வாசி அந்தப் பகுதியில் உண்டு. ஆனால் ஜகார்த்தா போய், அங்கிருந்து சோரோங்குக்கு இன்னொரு விமானம், பிறகு வைசாய்க்கு இரண்டு மணி நேரப் படகு என்று போகவர மூன்று நான்கு நாட்கள் கரைந்துவிடும். ஒரு வார விடுப்பில் போகிறவர் விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பார். பத்து நாளுக்குக் குறைவாக அங்கே போவது காசுக்குப் பிடித்த கேடு.

சிபடானுக்குக் கோலாலம்பூரிலிருந்து தாவாவ், பிறகு சாலையில் செம்போர்னா, பிறகு படகு. சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டென்பதால் நமக்கு இது ஓரளவு கிட்டம். அனுமதிச் சீட்டைக் கடைகளுக்குப் பங்கு போட்டுத் தருவதால், ஒரே கடையில் நான்கைந்து நாள் தங்கினால் அதில் ஒரு நாள் சிபடான் கிடைக்கும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. மிச்ச நாட்களில் பக்கத்திலுள்ள மாபுல், கபலாய். அந்தப் பகுதியில் 2000-ல் அபு சயாஃப் ஆயுதக் குழு சிபடானிலிருந்து 21 பேரைக் கடத்திச் சென்றது. இன்றும் பல நாடுகள் கிழக்கு சபா கடற்கரைக்குப் பயண எச்சரிக்கை வைத்திருக்கின்றன. காப்பீட்டுப் பத்திரத்தின் சின்ன எழுத்தில் இது ஒளிந்திருக்கலாம்.

செங்கடலின் பெருமை எஸ்.எஸ். திஸில்கார்ம். 1941 அக்டோபர் 6 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல். எகிப்திலிருந்த படைக்காகக் கொண்டுவந்த பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்கள் லாரிகளின் முதுகில் வரிசையாக நின்றபடியே இருக்கின்றன. பூட்ஸ், துப்பாக்கி, தூக்கி எறியப்பட்டு மணலில் கிடக்கும் ரயில் எஞ்சின். 1950-களில் ஜாக் கூஸ்தோ தேடிக் கண்டுபிடித்தார், பிறகு உலகம் மறந்தது, 1990-களில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. முப்பது மீட்டர் ஆழம், ஓட்டம், இருட்டறைகள். இது அட்வான்ஸ்டுக்காரர்களின் கப்பல். அதே எகிப்தின் தஹாபில் ப்ளூ ஹோல் என்ற கடற்குழியின் பக்கம் வேடிக்கை பார்க்கலாம். 55 மீட்டர் ஆழத்திலிருக்கும் அதன் வளைவைத் தாண்டப்போய் உயிர்விட்டவர்களின் பெயர்ப் பலகைகள் கரைப் பாறையிலேயே பதித்திருக்கின்றன.

செங்கடலிலும் மாலத்தீவிலும் பலர் விரும்புவது லிவ்அபோர்டு, அதாவது ஒரு வாரம் படகிலேயே தங்கி நாளைக்கு மூன்று நான்கு முறை இறங்குவது. ஸ்கூபாவில் செலவுக்குத் தகுந்த பலன் அதில்தான் அதிகம். ஆனால் 2024 நவம்பர் 25 அன்று எகிப்தின் மர்சா ஆலம் அருகே 'சீ ஸ்டோரி' என்ற லிவ்அபோர்டு நாற்பதுக்கு மேற்பட்டோரோடு கவிழ்ந்தது. 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் 'கன்செப்ஷன்' படகு நள்ளிரவில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 33 பயணிகளும் ஒரு ஊழியருமாக 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவலுக்கு ஆள் சுற்றவில்லை என்று விசாரணை சொன்னது. டைவர்கள் கடலுக்கடியில் சாவதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், படுக்கையைப் பற்றி யோசிப்பதில்லை. ஏறியதும் பார்க்க வேண்டியது மூன்றாவது தளத்தின் சூரியக் குளியல் மேடையை அல்ல, கேபினுக்கு இரண்டாவது வெளிவாசல் எங்கே என்பதை.

கூப்பிடு தூரத்தில் ஒரு வெளிநாடு

இத்தனை தூரம் பேசிவிட்டுப் பக்கத்து வீட்டை விட்டுவிட முடியாது. திருகோணமலை நம் ஸ்கூபா பயணிகளின் பட்டியலில் ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்பது புரியாத விஷயம். மே விடுமுறைக்கு அதன் கடல் பொருந்துகிறது. படகோட்டியோடு தமிழிலேயே பேசலாம். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003 முதல் தேசியப் பூங்கா. கருமுனைச் சுறாக்குட்டிகள் இடுப்பளவுத் தண்ணீரிலேயே திரியும்.

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்துக் கடல் தனிக் கதை. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். 1956-ல் இலங்கைக்குக் குடிவந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அந்தப் பாறைக்கடியில் இறங்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் கடல் தரையில் பார்த்தார்கள். இன்றும் வழிகாட்டியோடு அங்கே இறங்கலாம். மேலே பூசை மணி, கீழே பழைய தூண். வேறெந்த நாட்டிலும் தமிழர் ஒருவருக்கு இப்படி ஒரு டைவ் கிடைக்காது.

கிளார்க் விண்வெளியைப் பற்றி எழுதினாலும், கொழும்பில் நடத்தியது ஒரு ஸ்கூபா தொழில். அவரும் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டவர்தான். தென்கிழக்கு மூலையில், கிரிந்தைக்கு அப்பால் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் வருடத்தில் மார்ச், ஏப்ரலையொட்டிச் சில வாரங்கள்தான் இறங்க முடியும். 1961-ல் வில்சன் அங்கேதான் ஔரங்கசீப் காலத்து சூரத் வெள்ளி ரூபாய்கள் நிறைந்த கப்பலைக் கண்டார். மறுபடி முறையாக வேலை செய்ய 1963 வரை காத்திருந்தார்கள்.

மட்டக்களப்புக்கு அப்பால் எச்.எம்.எஸ். ஹெர்மீஸ் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல், 300-க்கு மேற்பட்டோரின் கல்லறை. ஆழம் 53 மீட்டர். தொழில்நுட்ப டைவிங் பயின்றவர்களுக்கு மட்டும். அதே நாளில் அதே தாக்குதலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அட்வான்ஸ்டுக்காரரின் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. பெயருக்காக ஹெர்மீஸைக் கேட்டுப் பேரம் பேசாமல், அதை எடுத்துக்கொள்பவருக்கு மனநிறைவு அதிகம்.

பவளத்தின் நிலையையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது. 1998-ல் கடல் சூடேறி மாலத்தீவின் ஆழமற்ற பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துச் செத்தது, 2016-ல் மறுபடி. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது. பத்து வருடத்துக்கு முந்தைய படத்தைக் காட்டி இடம் விற்பவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் போய்வந்தவர் எடுத்த சாதாரண ஃபோன் வீடியோ அதைவிட நம்பகம்.

பணம் கட்டுவதற்கு முன், கடைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? நைட்ரஜன் குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் ரீகம்ப்ரஷன் சேம்பர் பக்கத்தில் எங்கே, போய்ச் சேர எத்தனை மணி நேரம்? முதல் நாள் சுலபமான இடத்தில் சோதனை டைவ் உண்டா? ஆஸ்துமா, காது அறுவை, இதயக் கோளாறு உள்ளவர்களிடம் மருத்துவர் சான்று கேட்பார்களா? சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா சேராது. சேம்பர் சிகிச்சையின் செலவு பயணத்தின் மொத்தச் செலவைத் தாண்டிவிடக்கூடும் என்பதால் அதற்குத் தனிப் பாலிசி எடுப்பது வழக்கம். நல்ல கடைகள் இவற்றுக்கெல்லாம் எண்களோடு பதில் எழுதும். கூடவே, கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள், லாக் புக்கில் எத்தனை பதிவு என்று திருப்பிக் கேட்கும். 'வாங்க சார், எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்' என்று ஒரே வரியில் பதில் வந்தால், அடுத்த கடைக்கு எழுதலாம்.